பெட்டி பாதி, பொருத்துதல் பாதி

தருமபுரிக்கும் தொப்பூருக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டி அமைந்த ஊர் நல்லம்பள்ளி. நெடுஞ்சாலையில் செல்லும் வரை எந்தக் காரிலும் இசை இனிமையாகத்தான் ஒலிக்கும். அதே காரை இண்டூர் பக்கமோ, மலையடிவாரக் கிராமங்களின் பக்கமோ திருப்பினால் நிலைமை மாறிவிடுகிறது. பெயர்ந்த தார், ஜல்லி துருத்திய மண்பாதை, ஊருக்கு ஊர் வெவ்வேறு உயரத்தில் எழுப்பப்பட்ட வேகத்தடைகள் ஆகியவற்றைக் கடக்கும்போது கதவுப் பலகை கடகடக்கிறது. பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது. சில கார்களில் பெட்டியே அணைந்து மறுபடி உயிர்பெறுகிறது.

கார் ஸ்டீரியோவைப் பற்றி எழுதப் பொருளியல் ஆசிரியனுக்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. நுகர்வோர் தம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத பகுதியை 'இலவசம்' என்று ஏற்றுக்கொள்ளும் சந்தைகளில் இதுவும் ஒன்று. அந்தத் தெரியாத பகுதியில்தான் இசையின் ஆயுளும், சில வேளைகளில் பயணிகளின் பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன. குறிப்பாக, வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு இது பொழுதுபோக்குச் செலவு அன்று, தொழிலின் முதலீடு.

ஓடும் வண்டியில் இசை கேட்கும் ஆசை பழையது. அந்த ஆசைக்கும் குலுங்கும் சாலைக்கும் இடையிலான போராட்டமும் பழையது. அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் 1956-ஆம் ஆண்டுக் கார்களில் இசைத்தட்டுக் கருவியையே பொருத்திக் கொடுத்தது. டேஷ்போர்டுக்கு அடியில் 7 அங்குலத் தட்டு சுழலும். முள் துள்ளிவிடாமல் இருக்க, அதைத் தட்டின் மீது வழக்கத்தைவிட அழுத்தமாக அமர்த்தினார்கள். ஆயினும் பழுதுகள் மிகுந்தன. அந்தக் கருவிக்கான தட்டுகளும் ஒரே நிறுவனத்திடமிருந்து மட்டுமே கிடைத்தன. சில ஆண்டுகளிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

அடுத்து, ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா கேசட் கார்களுக்கு ஏற்றதாக அமைந்தது. நாடாவை ரப்பர் உருளை ஒன்று இறுகப் பிடித்து இழுத்ததால், குலுக்கல் அதனை எளிதில் அசைக்கவில்லை. நம் ஊர்ப் பேருந்துகளிலும் வாடகைக் கார்களிலும் கேசட் நெடுங்காலம் கோலோச்சியதற்கு விலை மட்டும் காரணம் அன்று; நம் சாலைகளை அது தாங்கியது.

1982-இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு ஒலித்தரத்தில் ஒரு பாய்ச்சல். ஆனால் குலுக்கலைப் பொருத்தவரை அது ஒரு பின்னடைவு. குறுந்தகட்டில் அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தொலைவு 1.6 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஏறத்தாழ நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். அந்த நுண்ணிய தடத்தை லேசர் கதிர் தொட்டுக்கொண்டே செல்ல வேண்டும். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கதிர் தடம் மாறும், பாட்டு தாவும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு பொருளியலாளர்களுக்குப் பழக்கமானது. தேவைக்கு முன்கூட்டியே தகட்டை வேகமாகப் படித்து, சில விநாடிகளுக்கான இசையை நினைவகத்தில் சேமித்துவைத்தார்கள். கதிர் தடம் மாறித் திரும்பி வரும் வரை சேமிப்பிலிருந்து பாட்டு ஒலிக்கும். விளைச்சல் பொய்த்த ஆண்டைச் சமாளிக்க இந்திய உணவுக் கழகம் வைத்திருக்கும் தானியக் கையிருப்புக்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. ஆனால் வறட்சி தொடர்ந்தால் கையிருப்பு தீர்ந்துவிடுவது போல, பள்ளம் தொடர்ந்தால் இந்தச் சேமிப்பும் தீர்ந்துவிடும்.

இந்த வரலாற்றிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் எளிது. மேடுபள்ளச் சாலைகளில் ஓடும் காருக்கு, உள்ளே சுழலும் உறுப்பு எதுவும் இல்லாத பெட்டியே ஏற்றது. யு.எஸ்.பி. குச்சி, நினைவக அட்டை, புளூடூத், வானொலி ஆகியவற்றில் அசையும் பாகம் இல்லை. எனவே தாவுவதற்கும் ஒன்றுமில்லை. பாடல்களைச் சுழலும் வட்டு கொண்ட ஹார்டு டிஸ்க்கில் சேமித்துக் காரில் இணைப்பதைத் தவிர்க்க வேண்டும். யு.எஸ்.பி. குச்சியும் குட்டையாக இருக்கட்டும். நீண்ட குச்சி ஒவ்வொரு குலுக்கலிலும் நெம்புகோலாகச் செயல்பட்டு, பெட்டியின் துளையைத் தளர்த்திவிடும்.

வானொலி கேட்பவர்களுக்கு ஒரு சொல். தருமபுரி பண்பலை 102.5 போன்ற பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. மலைகள் அவற்றை மறைக்கும், எதிரொலிக்கவும் செய்யும். தொப்பூர் கணவாயில் ஒலி இரைந்தால் அது பெரும்பாலும் மலையின் வேலை. பெட்டியின் குறை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மாறாக, சமவெளியில் வேகத்தடை ஏறும் தருணத்தில் மட்டும் வானொலி இரைந்தால், ஆண்டெனா இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது பாடம் விளம்பர எண்களைப் பற்றியது. பெட்டியின் அட்டையில் '1,000 வாட்', 'பி.எம்.பி.ஓ.' என்றெல்லாம் அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். இந்த எண்ணைச் சரிபார்க்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. பள்ளிக் கணக்கு போதும். பெட்டியின் பின்புறம் உள்ள ஃபியூஸ் 10 ஆம்பியர் என்று கொள்வோம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 140 வாட். தொடர்ச்சியாக உள்ளே செல்லக்கூடிய மின்திறனே அவ்வளவுதான் என்னும்போது, வெளியே 1,000 வாட் எப்படி வரும்? உள்ளே செல்வதிலும் ஏறத்தாழப் பாதி வெப்பமாக வீணாகிறது. எஞ்சியதை நான்கு ஒலிபெருக்கிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 20 வாட்டுக்குள்தான். பெட்டி வாங்குபவர் கேட்க வேண்டிய எண் 'ஆர்.எம்.எஸ்.' எனப்படும் தொடர் திறன். அதைச் சொல்லத் தயங்கும் பெட்டியை ஒதுக்கிவிடலாம்.

ஒலி போதவில்லை என்றால் வாட்டைக் கூட்டுவதைவிட, ஒலிபெருக்கியின் உணர்திறனைப் பார்ப்பது சிக்கனம். உணர்திறன் 87 டெசிபெல் உள்ள ஒலிபெருக்கிக்குப் பதிலாக 90 டெசிபெல் உள்ளதைப் பொருத்தினால், பெட்டியின் திறனை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கார்க் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு என்பதால், காகிதக் கூம்பைவிடப் பாலிபுரோப்பிலீன் கூம்பும், நுரைவிளிம்பைவிட ரப்பர் விளிம்பும் நீடித்து உழைக்கும்.

திரையின் அளவிலும் நிதானம் வேண்டும். டேஷ்போர்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் 9, 10 அங்குலத் திரைகள் இன்று நாகரிகமாகிவிட்டன. காருக்கென்றே அளவெடுத்துச் செய்த உறுதியான சட்டம் இல்லாவிட்டால், குலுங்கும் சாலையில் அவை நாளடைவில் ஆடத் தொடங்கும். அதைவிட முக்கியம், குலுங்கும் காரில் தொடுதிரையின் சிறிய குறியை விரல் சரியாகத் தொடுவது கடினம். கண் சாலையை விட்டு விலகும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் குமிழ் உள்ள பெட்டியைக் கண்ணால் பார்க்காமலே கையால் இயக்கலாம். கணவாய்ச் சாலையில் தினமும் இறங்கி ஏறும் ஓட்டுநருக்கு இந்தச் சிறு குமிழ் பெரிய திரையைவிட மதிப்புமிக்கது.

இனி, பொருத்துதலுக்கு வருவோம். நான் கவனித்தவரை, 'செட் கெட்டுப்போச்சு' என்று கடைக்குத் திரும்பி வரும் பெட்டிகளில் பலவற்றில் பெட்டி நன்றாகவே இருக்கிறது. பொருத்திய விதம்தான் கெட்டிருக்கிறது.

வழக்கமான ஒற்றை அளவுப் பெட்டியின் முகப்பு 180 மி.மீ. அகலமும் 50 மி.மீ. உயரமும் கொண்டது, இரட்டை அளவில் உயரம் 100 மி.மீ. இந்த முகப்பைச் சுற்றி ஒரு தகர உறை இருக்கும். அதன் நாக்குகளை மடக்கி டேஷ்போர்டில் பிடிக்கச் செய்வார்கள். அவசரப் பொருத்துநர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். அப்போது பெட்டியின் முன்பகுதி மட்டும் பிடிமானத்தில் இருக்க, பின்பகுதி அந்தரத்தில் தொங்குகிறது. சுவரில் ஒரு முனையை மட்டும் செருகிய பலகை போல, ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலும் கீழும் அசைகிறது. நாளடைவில் நாக்குகள் தளர்கின்றன. பின்னால் உள்ள இணைப்புகள் விலகுகின்றன. பெட்டியின் பின்புறத்தில் ஒரு போல்ட் இருப்பது இதற்காகவே. அதில் ரப்பர் தொப்பி மாட்டி, அல்லது துளையிட்ட உலோகப் பட்டையால், காரின் உடற்சட்டத்தோடு பிணைக்க வேண்டும். சில ரூபாய்ப் பொருளும் பத்து நிமிட உழைப்பும்தான். குலுங்கும் சாலைக்கான முதல் மருந்து இதுவே.

அடுத்தது மின்கம்பிகள். காரோடு வந்த கம்பிக்கட்டை வெட்டி, கம்பிகளை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றுவது நம் ஊர்களில் பரவலான வழக்கம். வெயிலில் நிற்கும் காருக்குள் அந்த டேப்பின் பசை இளகி வழிந்துவிடுகிறது. குலுக்கலில் முறுக்கு தளர்கிறது. வெற்றுக் கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. அந்தந்தக் கார் மாதிரிக்கேற்ற கப்ளர் சந்தையில் கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினால் ஒரு கம்பியைக்கூட வெட்ட வேண்டாம். வெட்டிய கம்பிக்கட்டைக் காரணம் காட்டிக் காரின் உத்தரவாதத்தை மறுக்கும் வாய்ப்பும் இருக்காது. இணைத்தே ஆக வேண்டிய இடங்களில் கிரிம்பிங் செய்து, சூட்டில் சுருங்கும் உறையை மாட்டி, கம்பி ஆடாதவாறு கட்ட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் மட்டும் போதாது. ஈயம் முடியும் இடத்தில் கம்பி விறைப்பாகி, தொடர் அதிர்வில் அங்கேயே ஒடியக்கூடும்.

சந்தையில் விற்கும் பெட்டிகளில் பொதுவாக மஞ்சள் கம்பி பேட்டரியிலிருந்து நிலையான மின்சாரம் பெறுவது, சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் பெறுவது, கறுப்பு எர்த். வேலை எளிது என்று மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடுபவர்கள் உண்டு. சாவியை எடுத்த பிறகும் பெட்டி மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். சில நாள் நிறுத்திவைத்த கார் காலையில் கிளம்பாது. எர்த் கம்பியைப் பெயின்ட் பூசிய தகரத்தில் கட்டினால் இரைச்சலும், பள்ளத்தில் அணைந்து எரிவதும் நேரும். பெயின்ட்டைச் சுரண்டிய உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

தனி ஆம்ப்ளிஃபயர் வைப்பவர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பேட்டரியிலிருந்து தடித்த கம்பி ஒன்று எஞ்சின் அறைத் தகட்டின் துளை வழியே உள்ளே வருகிறது. அந்தத் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், ஒவ்வொரு குலுக்கலும் தகட்டின் கூர்விளிம்பில் கம்பியை அறுக்கும். உறை அறுந்து கம்பி தகட்டைத் தொட்டால் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதன் வழியே பாய்ந்து தீப்பற்றும். ஆம்ப்ளிஃபயரின் அருகில் வைத்த ஃபியூஸ் இந்த இடத்தில் உதவாது. கோளாறு அதற்கு முன்னாலேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே, பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் பெட்டியையும் போல்ட் போட்டுப் பிணைக்க வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, கட்டப்படாத 15 கிலோ பெட்டி முன்னிருக்கையை நோக்கி எறியப்படும் கல்லாக மாறலாம். காற்றுப்பை இருக்கும் தூண்களுக்குள் எந்தக் கம்பியையும் நுழைக்கக் கூடாது.

கதவு கடகடப்பதற்கும் மருந்து உண்டு. ஒலிபெருக்கியைப் பிளாஸ்டிக் பலகையில் நேரடியாகத் திருகாமல், நீரில் ஊறாத வளையம் ஒன்றின் மீது, இடையில் நுரைப்பட்டை வைத்துப் பொருத்த வேண்டும். கதவின் உள்தகட்டில் பியூட்டைல் அதிர்வுத்தாள் ஒட்டினால் தகரத்தின் நடுக்கம் அடங்கும். இதற்கான செலவு, பலர் ஒலிபெருக்கியின் அளவை உயர்த்தச் செலவழிக்கும் தொகையைவிடக் குறைவாகவே முடியும். சாலை இரைச்சலும் பலகைச் சத்தமும் குறைந்தால் குறைந்த ஒலியளவிலேயே பாடலின் சொற்கள் தெளியும். பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் காதில் விழும்.

இவ்வளவு எளிய வேலைகள் ஏன் செய்யப்படுவதில்லை? இங்குதான் பொருளியல் வருகிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, தரமான பொருள் சந்தையிலிருந்து விலகிப்போகும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கினார். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1973-இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்னும் இருவர் மற்றொரு வகையைச் சுட்டிக்காட்டினர். சில சேவைகளின் தரத்தை வாங்கிப் பயன்படுத்திய பிறகும் நுகர்வோரால் மதிப்பிட முடியாது; நம்பிக்கை ஒன்றே ஆதாரம். பழுதுபார்ப்புப் பணிகள் அத்தகையவை. டேஷ்போர்டுக்குப் பின்னால் போல்ட் இருக்கிறதா, இல்லையா என்பதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

எனவே போட்டி முழுவதும் பெட்டியின் விலையிலும் வாட் எண்ணிலும் நடக்கிறது. 'செட் வாங்கினா ஃபிட்டிங் ஃப்ரீ' என்பது கடைகளின் கவர்ச்சி வாசகம். எந்த உழைப்பும் இலவசம் அன்று. கூலி கிடைக்காத உழைப்பு தன் நேரத்தைச் சுருக்கிக்கொள்கிறது; அவ்வளவே. ஒரு நாளைக்கு எத்தனை கார் என்று எண்ணிச் சம்பளம் பெறும் இளைஞர், பின்புற போல்ட்டுக்குப் பத்து நிமிடம் செலவிட்டால் அந்த நிமிடங்களுக்கு அவருக்கு யாரும் பணம் தருவதில்லை. குறை அவருடையது மட்டும் அன்று. அவருடைய திறமைக்கு விலை வைக்காத நம்முடையதும்தான்.

என் ஆலோசனை இதுதான். கார் இசைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு நியாயமான பங்கைப் பொருத்துதலுக்கென்று தனியே வைத்துவிட்டு, மீதித் தொகைக்குப் பெட்டி தேடுங்கள். பெட்டிக்கும், கப்ளர் முதலிய துணைப்பொருள்களுக்கும், கூலிக்கும் தனித்தனி வரி எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூலிக்கும் ஓர் உத்தரவாதக் காலம் எழுதித் தரச் சொல்லுங்கள். கூலி வாங்கிய கடை அதை மறுக்கக் காரணமில்லை.

பெட்டியை டேஷ்போர்டுக்குள் தள்ளுவதற்கு முன் பின்புறப் பிணைப்பையும் இணைப்புகளையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் பார்ப்போம் என்று தெரிந்தாலே வேலை திருந்தும். பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன், ஒலியைக் குறைத்துவைத்து ஒரு கிராமச் சாலையில் நான்கைந்து வேகத்தடைகளைக் கடந்து வாருங்கள். ஒலியைக் கூட்டிவைத்தால் கடகடப்பு மறைந்துவிடும்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகன மின்பணி பயிலும் மாணவர்களுக்கு, கூடுதல் சாதனங்களைப் பொருத்தும் முறையைத் தனிப் பயிற்சியாக அளித்துச் சான்றிதழ் தரலாம். அட்டைப்பெட்டியில் தொடர் திறனை மட்டுமே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என விதிக்கலாம். சான்றிதழ் பெற்ற இளைஞருக்குச் சந்தையில் ஓர் அடையாளம் கிடைக்கும். நுகர்வோருக்கு நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

சாலையையும் மறந்துவிடக் கூடாது. உலக வங்கியின் முயற்சியில் 1982-இல் பிரேசிலில் நடந்த ஆய்விலிருந்து, சாலையின் கரடுமுரடை அளக்கும் பன்னாட்டுக் குறியீடு உருவானது. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் குலுக்கல் என்பதே அதன் அலகு. சாலை கெடக்கெட டயர், ஸ்பிரிங், எரிபொருள், பயண நேரம் எனப் பயனாளர் சுமக்கும் செலவு உயர்கிறது என்பதைக் கணக்கிடவே அது தேவைப்பட்டது. தளர்ந்த ஸ்டீரியோவும் அந்தச் செலவுப் பட்டியலில் ஒரு சிறு வரி. வேகத்தடைக்கும் அளவுண்டு. 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் கொண்ட மெல்லிய வளைவாக, சுமார் 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது இந்திய சாலைகள் பேரவையின் வழிகாட்டுதல். நம் கிராமச் சாலைகளில் ஓர் அடி அகலத்தில் செங்குத்தாக எழும் மேடுகள் வேகத்தடைகள் அல்ல. முதுகுத்தண்டுக்கும் வாகனத்துக்கும் விதிக்கப்படும் தண்டம். ஊராட்சிகளும் நெடுஞ்சாலைத் துறையும் இவற்றை அளந்து திருத்த வேண்டும்.

அதுவரை, கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பாட்டு மாற்றும் பழக்கத்தையாவது ஓட்டுநர்கள் கைவிட வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு அதை ஆபத்தான ஓட்டுதலாகவே கருதுகிறது. பாடல் வரிசையைப் புறப்படும் முன்னரே அமைத்துவிட்டால் கைக்கும் கண்ணுக்கும் சாலை மட்டுமே வேலை.

சாலை சீராகும் நாள் நம் கையில் இல்லை. பெட்டியின் பின்னால் ஒரு போல்ட்டும், பேட்டரியின் அருகில் ஒரு ஃபியூஸும் இருக்கின்றனவா என்று கேட்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, 'எத்தனை வாட்?' என்பதற்கு முன் 'எப்படிப் பொருத்துவீர்கள்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்லும் கடையே நம் பணத்துக்குத் தகுதியான கடை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).